கடைசி மூலை ஏன் சேரவில்லை: டேபிள் சா கோணக் கேஜைச் சரிசெய்யும் வழி

சாமி படத்துக்கோ நிலைக்கண்ணாடிக்கோ சட்டம் அடிக்கும்போது மூன்று மூலைகள் கச்சிதமாகச் சேர்ந்துவிடும். நான்காவது மூலை மட்டும் வாய் பிளக்கும். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று எந்த ஊர்ப் பட்டறையில் கேட்டாலும் இந்தக் குறையைச் சொல்வார்கள். மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஆறு மாதத்தில் அந்த அடைப்பு தனியாகத் தெரியும். பழி ஆசாரியின் கைக்கு வருகிறது. பெரும்பாலும் குற்றம் ஸ்லைடிங் அட்டாச்மென்டில் இருக்கும் கோணக் கேஜுடையது.

கணக்கைப் பாருங்கள். நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கால் டிகிரி தப்பினால், மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்த பிறகு மொத்தம் 2 டிகிரியும் கடைசி மூலையில் வந்து நிற்கும். 60 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சந்து, அதாவது ஒரு நூல். சின்ன மிஷின்களோடு வரும் கேஜில் டிகிரிக் கோடுகள் போட்டிருக்கும் வட்டத்தின் ஆரம் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கால் டிகிரி என்பது கால் மில்லிமீட்டர்தான். அச்சடித்த கோட்டின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து 45 வைத்து, மூலை சேரும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. கோட்டை மறந்துவிட்டு, வெட்டின துண்டை அளந்து கேஜைத் திருத்துவதுதான் வழி.

திருத்துவதில் வரிசை முக்கியம். ஸ்லைடிங் மேடையின் ஓட்டம் சரியில்லாதபோது 45ஐத் திருத்தினால் நாளைக்கு மறுபடி திருத்த வேண்டிவரும். தொடங்கும் முன் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

முதலில் மேடையின் ஓட்டம்

ஆனி, ஆடிக் காற்றில் பட்டறைக்குள் வரும் மண்ணும் மரத்தூளும் ஸ்லைடின் தண்டவாளத்தில் படிந்து இறுகியிருக்கும். துடைத்து எடுத்துவிட்டு மெழுகு தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், அது தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு மேடையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கை இறுக்க வேண்டும். காடியில் ஓடும் தனிக் கேஜாக இருந்தால் அதன் பட்டையின் பக்கவாட்டில் சென்டர் பஞ்சால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். குத்திய இடம் கொஞ்சம் புடைத்து ஆட்டத்தை அடைக்கும். அதிகமானால் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

அடுத்து, மேடை பிளேடுக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். பிளேடில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் அடையாளம் வையுங்கள். ஸ்லைடின் ஃபென்ஸில் ஒரு குச்சியை கிளாம்ப் போட்டு, அதன் முனை அந்தப் பல்லை முன்பக்கத்தில் லேசாகத் தொடும்படி வையுங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், மேடையையும் தள்ளி, மறுபடி பாருங்கள். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். சந்தை அளக்க, டூவீலர் மெக்கானிக் டப்பெட்டுக்கு வைத்திருக்கும் ஃபில்லர் கேஜ் போதும். அது இல்லையென்றால் ஜெராக்ஸ் தாள்: ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் ஸ்லைடைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தித் திருத்துங்கள். இணை தப்பிய மேடையில் பிளேடின் பின்பல் மரத்தைச் சுரண்டும், வெட்டு முகம் கருகும், எந்தக் கோணம் வைத்தும் மூலை சேராது.

அடுத்து 90

மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். கீழே விழாத மூலைமட்டம் எந்தப் பட்டறையிலும் இல்லை. ஐந்து வெட்டுச் சோதனைக்கு மூலைமட்டமே வேண்டாம், ஒரு வெர்னியர் இருந்தால் போதும். சுமார் 400 மில்லிமீட்டர் சதுரத்தில் பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, பக்கங்களுக்கு 1, 2, 3, 4 என்று வரிசையாக எழுதுங்கள். பிளக்கைச் செருகி, 1ஆம் பக்கத்தின் ஓரத்தைச் சீவுங்கள். அறுத்த பக்கம் ஃபென்ஸில் ஒட்டும்படி பலகையைத் திருப்பி அடுத்ததை அறுங்கள். எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். நான்கும் முடிந்ததும் ஐந்தாவதாக மீண்டும் 1ஆம் பக்கம், இந்த முறை ஒரு அங்குலப் பட்டை விழும்படி.

அந்தப் பட்டையின் இரு முனைகளின் அகலத்தை அளந்து பாருங்கள். ஒரு முனை 25.8, மறுமுனை 25.0 என்றால் வித்தியாசம் 0.8. பிழை நான்கு மடங்காகப் பெருகியிருப்பதால் நான்கால் வகுக்க வேண்டும்: 400 மில்லிமீட்டருக்கு 0.2. ஃபென்ஸின் சுழல் ஆணியிலிருந்து திருத்தும் திருகு 300 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் அங்கே நகர்த்த வேண்டியது 0.15, ஏறக்குறைய ஒன்றரைத் தாள். நகர்த்திவிட்டு மறுபடி ஐந்து வெட்டு போடுங்கள். வித்தியாசம் கூடினால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். 90 சரியான இடத்தில் ஸ்டாப்பரை இறுக்கிப் பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள்.

45க்குக் கேஜே வேண்டாம்

வேலை நிஜமாகவே எளிதாகும் இடம் இது. 1906இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் அல்டென்டார்ஃப் உருவாக்கிய ஸ்லைடிங் டேபிள் ரம்பத்தின் வழியில் வந்த பெரிய பேனல் சாக்களில் மூலையின் இரண்டு வெட்டையும் அறுக்க இரட்டை மைட்டர் ஃபென்ஸ் போடுவார்கள். அதே வேலையை ஒரு பிளைவுட் துண்டு செய்யும்.

18 எம்எம் பிளைவுட்டில் செங்கோண முக்கோணம் ஒன்று வெட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு பக்கமும் 300, எதிர்ப்பக்கம் 424 மில்லிமீட்டர். இப்போது சரிசெய்த 90இல் வெட்டினால் செங்கோணம் சுத்தமாக வரும். செங்கோண முனை பிளேடைப் பார்க்கும்படி, 300 பக்கங்கள் இரண்டும் பிளேடுக்குச் சுமார் 45இல் நிற்கும்படி, ஸ்லைடின் மேல் போல்ட் போட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு நுனிக்கு முன்முகத்திலும், மறு நுனிக்குப் பின்முகத்திலும் வைத்து அறுங்கள். சட்டத்தைக் குப்புறப் போடக் கூடாது. இரண்டு முறையும் வெளி விளிம்புதான் முக்கோணத்தில் சாய வேண்டும்.

முக்கோணம் கொஞ்சம் திரும்பி ஒரு முகம் 44.7 ஆகிவிட்டாலும் மறுமுகம் 45.3 ஆகிவிடும். மூலையில் சேரும் இரண்டு வெட்டும் கூடினால் எப்போதும் 90தான். 45 துல்லியமாக இருக்க வேண்டிய கட்டாயமே போய்விடுகிறது. வெட்டும்போது மரம் நழுவாமல் இருக்க இரண்டு முகத்திலும் 120ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, கிளாம்ப்பும் போடுங்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் வர ஸ்டாப் கட்டையைப் பயன்படுத்துங்கள். நீளம் தப்பினாலும் மூலை பிளக்கும். நீள வாட்டு ஃபென்ஸை ஸ்டாப்பாக வைத்து மட்டும் குறுக்கே அறுக்காதீர்கள். துண்டு இடையில் சிக்கி உங்கள் மேலேயே பாயும்.

மரம் செய்யும் குற்றம்

எல்லாம் சரிசெய்தும் மூலை பிளந்தால் அது எப்போது பிளந்தது என்று கேளுங்கள். அறுத்த அன்றே என்றால் மிஷின். சில வாரம் கழித்து, எல்லா மூலையும் உள்பக்கமாகத் திறந்தால் மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கியிருக்கிறது. வெளிமுனையில் திறந்தால் ஈரம் வாங்கி ஊதியிருக்கிறது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் மட்டும் சுருங்கும். அதனால்தான் வெட்டிய கோணமே மாறிவிடுகிறது.

நமது கம்பம் பள்ளத்தாக்கில் இது கூடுதலாகவே நடக்கும். தென்மேற்குப் பருவத்தில் குமுளியில் மழை கொட்டும்போது கம்பத்தில் வறண்ட காற்றுதான் வீசும். மலை எஸ்டேட்டிலிருந்து இறங்கிய சில்வர் ஓக்கை ஈரத்தோடு அறுத்துச் சட்டமாக்கினால் கீழே வந்ததும் சுருங்கத் தொடங்கும். சட்டத்துக்கு வேண்டிய அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிழித்து, இடையில் ரீப்பர் வைத்து அடுக்கி, பட்டறைக்குள்ளேயே சில வாரம் காற்றாட விடுங்கள். ஒரு துண்டை எடை போட்டு எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை போடும் எடை குறையாமல் நின்ற பிறகு இறுதி அகலத்துக்குச் சீவி, மூலை வெட்டுங்கள்.