ஒளி வடிவமைப்பாளர்: ஒரு பாடம், மூன்று களங்கள்

ஒளிப் பாடத்தை நடத்தி முடிக்கும்போது, “இதைப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்?” என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுகிறார். கண் மருத்துவர், ஒளிப்படக் கலைஞர் என்ற வழக்கமான பதில்களோடு நான் இப்போது சேர்த்துச் சொல்வது ஒளி வடிவமைப்பாளர். நாடக மேடை, கட்டடம், கணினி ஆகிய மூன்று களங்களிலும் இவருக்கு வேலை உண்டு. மூன்றுக்கும் அடிப்படை நாம் வகுப்பில் நடத்தும் எதிரொளிப்பு, நிழல், நிறங்களின் சேர்க்கை ஆகியவையே.

நாடக மேடையில்

1959இல் கொல்கத்தாவின் மினர்வா அரங்கில் உத்பல் தத் ‘அங்கார்’ நாடகத்தை அரங்கேற்றினார். நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குவது அதன் இறுதிக் காட்சி. மேடைக்கு வெள்ளத்தைக் கொண்டுவர முடியாது. ஒளியமைத்த தபஸ் சென் (1924–2006) வெளிச்சத்தையும் நிழலையும் கொண்டே நீர் ஏறுவதைப் பார்வையாளர் கண்முன் நிறுத்தினார்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியமைப்பு கற்பித்தவர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ். 1932இல் வெளியான தம் நூலில் ஓர் எளிய முறையைத் தந்தார். நடிகரின் முகத்துக்கு இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் இரண்டு விளக்குகள். ஒன்று மஞ்சள் சாயல், மற்றொன்று நீலச் சாயல். முகத்தின் மேடு பள்ளங்கள் இதனால் தெளிவாகத் தெரியும். இவர் கட்டடக்கலை படித்துவிட்டு மேடைக்கு வந்தவர்.

கட்டடத்தில்

மேடை ஒளியின் சிந்தனையைக் கட்டடங்களுக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர், அதே யேலில் கட்டடக்கலை பயின்ற ரிச்சர்ட் கெல்லி (1910–1977). 1952இல் அவர் ஒளியை மூன்றாக வகுத்தார்:

1. கவனத்தை ஓரிடத்துக்கு இழுக்கும் ஒளி: படிப்பவரின் மேசை விளக்கு போல.
2. எங்கும் சீராகப் பரவும் ஒளி: மூடுபனிக் காலை போல.
3. மின்னி விளையாடும் ஒளி: ஓடும் நீரில் வெயில் போல.

டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட்வொர்த் நகரில் 1972இல் திறக்கப்பட்ட கிம்பெல் கலை அருங்காட்சியகத்தில் கட்டடக்கலைஞர் லூயி கானோடு கெல்லி பணியாற்றினார். வளைந்த கூரையின் உச்சியில் நீண்ட திறப்பு. அதன் கீழே துளையிட்ட அலுமினியத் தகடுகள். வெயில் தகட்டில் பட்டு, கான்கிரீட் கூரைக்குத் திரும்பி, மென்மையாகக் கீழே இறங்குகிறது. ஓவியங்கள் மீது நேர் வெயில் விழுவதில்லை. எதிரொளிப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கணினியில்

1986இல் அமெரிக்காவில் டி.எம்.எக்ஸ். 512 என்ற பொது நெறிமுறை உருவானது. ஒரே கம்பி வழியாக 512 தடங்களுக்குக் கட்டளை அனுப்பலாம். ஒவ்வொரு தடத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் அணைவு, 255 என்றால் முழு வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம் கலந்த ஓர் எல்.இ.டி. விளக்குக்கு மூன்று தடங்கள் தேவை. 2013இல் கலைஞர் லியோ வில்லரியல், சான் பிரான்சிஸ்கோ பே பாலத்தில் 25,000 எல்.இ.டி. விளக்குகளைக் கணினி நிரலால் இயக்கிப் பாலத்தையே ஓவியமாக்கினார். நம் ஊர்த் திருவிழாக்களில் நகரும் சீரியல் விளக்கு உருவங்கள் சிலவற்றுக்குப் பின்னாலும் இத்தகைய எண் கட்டளைகள் உள்ளன.

வகுப்பறையில் செய்து பார்க்க

முகமும் ஒளியும்: அறையை இருட்டாக்கி, ஒரு மாணவர் முகத்தில் டார்ச் ஒளியைக் கீழிருந்தும், பக்கத்திலிருந்தும், இரு புறம் 45 பாகையிலும் பாய்ச்சுங்கள். எது பயம், எது அமைதி என்று மாணவர்களே சொல்வார்கள்.

எண்ணும் நிறமும்: மூன்று தடங்களில் எத்தனை நிறச் சேர்க்கைகள்? 256 × 256 × 256 = 1,67,77,216. ஒரு கம்பியில் எத்தனை மூவண்ண விளக்குகள்? 512ஐ 3ஆல் வகுத்தால் 170. இரண்டு தடங்கள் மீதி.

கரும்பலகையும் ஜன்னலும்: ஜன்னலிலிருந்து பலகைக்கும், அங்கிருந்து பெஞ்சுக்கும் செல்லும் ஒளிக்கதிரை வரையச் சொல்லுங்கள். எங்கள் 8ஆம் வகுப்பில் இதைச் செய்தபோது, ஜன்னலுக்கு எதிர்ப்புற முதல் இரண்டு பெஞ்சுகளுக்குப் பலகையின் ஓர் ஓரம் பளபளத்து எழுத்தை மறைப்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு ஜன்னல் கதவைப் பாதி சாத்தியதும் எழுத்து தெரிந்தது. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் குழந்தையை மெல்லக் கற்பவர் என்று எண்ணிவிடுவது எளிது. இடத்தை மாற்றியும் எழுத்து தெரியாவிட்டால் கண் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

வழிகாட்டலுக்கு

இத்துறைக்கு ஒரே வாசல் என்று இல்லை. மின்னியல், கட்டடக்கலை, காட்சித் தொடர்பியல் படித்தவர்கள் இதில் இருக்கிறார்கள். புதுதில்லி தேசிய நாடகப் பள்ளியில் மேடை ஒளியமைப்பும் கற்பிக்கப்படுகிறது. ஆண்டு விழாவில் விளக்குகளை ஆர்வமாகக் கவனிக்கும் மாணவரும், திருவிழாவுக்கு விளக்கு கட்டும் தந்தையோடு செல்லும் மாணவியும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். 11ஆம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்வு செய்வதற்கு முன்பே இந்த வேலையின் பெயர் அவர்கள் காதில் விழட்டும்.