கால்பந்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

கொள்ளேகாலிலிருந்து மேற்கே போனால் சாமராஜநகர், குண்டலுப்பேட்டை. பிறகு பந்திப்பூர் காடு. கூடலூர் தாண்டி, நாடுகாணி மலை இறங்கினால் நிலம்பூர். அது கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தில் உள்ளது. அந்த மாவட்டத்து மக்களுக்குக் கால்பந்து என்றால் உயிர்.

அங்கே பெயர் பெற்றது எழுவர் ஆட்டம். 'செவன்ஸ்' என்பார்கள். ஓர் அணிக்கு 11 பேர் அல்ல, 7 பேர். மழைக்காலம் முடிந்ததும் ஆட்டம் தொடங்கும். அறுவடை முடிந்த வயல்கூட மைதானம் ஆகும். பாக்கு மரத்தாலும் மூங்கிலாலும் சுற்றிலும் கேலரி கட்டுவார்கள். இரவில், விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம்.

இதற்கெல்லாம் செலவு யாருடையது? பெரும்பங்கு டிக்கெட் வாங்குபவருடையது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக்கெட் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பேர் வந்தால் 1 லட்சம் ரூபாய். அன்று மழை பிடித்துக்கொண்டது, 400 பேர்தான் வந்தார்கள் என்றால்? 20,000 ரூபாய்தான். ஆனால் கேலரிச் செலவு குறையாது. விளக்குச் செலவு குறையாது. ஆட்டக்காரர் கூலியும் குறையாது.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கடைக்காரர்களைத் தேடுகிறார்கள். கடைக்காரர் பணம் தருவார். அவர் கடையின் பெயர் மைதானத்து ஓரத் தட்டியிலும் ஆட்டக்காரர் சட்டையிலும் இருக்கும். பணம் தரும் இவரை 'ஸ்பான்சர்' என்பார்கள். சில அணிகளுக்குக் கடையின் பெயரே பெயர். மலப்புறத்தில் 'சூப்பர் ஸ்டுடியோ' என்றே ஓர் அணி உண்டு.

ஒரே கையை நம்பினால் என்ன ஆகும்? பஞ்சாபில் பக்வாரா என்ற ஊர். அங்கே ஜே.சி.டி. என்ற துணி ஆலைக்குச் சொந்தமாக ஓர் அணி இருந்தது. சாதாரண அணி அல்ல. 1996-97இல் நடந்த முதல் தேசிய லீக் போட்டியில் வென்ற அணி அது. 2011இல் ஆலை நிர்வாகம் அணியைக் கலைத்துவிட்டது. கோப்பை அணியைக் காப்பாற்றவில்லை.

டிக்கெட் பணத்திலும் ஆபத்து உண்டு. கூட்டம் கூடினால் வருமானம் கூடும். ஆனால் மூங்கில் எத்தனை பேரைத் தாங்கும்? 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணாவில் ஆடிக்கொண்டிருந்த பாலக்காட்டு வீரர் ஆர். தனராஜன் மைதானத்திலேயே விழுந்தார், உயிர் போய்விட்டது. எழுவர் ஆட்டத்தில் ஆடினால்தான் காசு. அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்ட 2020 ஜனவரி 19 அன்று பாலக்காட்டில் ஓர் ஆட்டம் ஏற்பாடானது. ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிகக் கேலரி சரிந்தது. சுமார் 50 பேருக்குக் காயம்.

2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் வண்டூர் அருகேயும் இப்படி ஒரு கேலரி சரிந்தது. அன்றும் கூட்டம் நிரம்பி வழிந்தது.