ஒரு துளி மருந்தில் எத்தனை மூலக்கூறு?



ஐரோப்பாவில் உள்ள இயற்கை முறைப் பால் பண்ணை ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு பசுவுக்கு மடிநோய் கண்டிருக்கிறது. மடி வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது, பால் திரிதிரியாக வருகிறது. பண்ணைக்காரர் எந்த மருந்தைக் கொடுப்பார்?

உயிரெதிரி மருந்துகளை அளவின்றிக் கொடுத்தால், அவற்றுக்கு மடியாத பாக்டீரியாக்கள் பெருகிவிடும். எனவே அவற்றைக் குறைக்க வேண்டும் என்பது நல்ல நோக்கமே. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மைச் சட்டம், மூலிகை மருந்துக்கும் ஹோமியோபதி மருந்துக்கும் முன்னுரிமை தருகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அம்மருந்து அந்த விலங்குக்கும் அந்த நோய்க்கும் பயன் தரவேண்டும். விலங்கு துன்புறாதபடி உடனே சிகிச்சை அளிக்கவும் வேண்டும்.

பயன் தருகிறதா என்பதை எப்படி அறிவது? முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீர்த்தலும் அவகாட்ரோ எண்ணும்

ஹோமியோபதியைத் தோற்றுவித்தவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன். 1796இல் அவர் தம் கொள்கையை வெளியிட்டார். இம்முறையில் மூலப்பொருளின் கரைசல் ஒரு பங்குடன் 99 பங்கு நீரோ சாராயமோ சேர்த்துப் பலமாகக் குலுக்குவார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்குடன் சேர்ப்பார்கள். இவ்வாறு 30 முறை செய்தால் கிடைப்பது ‘30 சி’ எனப்படும் மருந்து.

342 கிராம் சர்க்கரை என்பது ஒரு மோல் என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். அதில் ஏறத்தாழ 6 × 10²³ மூலக்கூறுகள் உள்ளன. அதை ஒரு லிட்டர் கரைசலாக்கி, மேற்கண்டவாறு நீர்த்துக்கொண்டே போவோம். ஒவ்வொரு படியிலும் லிட்டருக்குள்ள மூலக்கூறுகள் நூறில் ஒன்றாகக் குறையும். 11ஆம் படியில் ஒரு லிட்டரில் எஞ்சுபவை 60 மூலக்கூறுகளே. 12ஆம் படியில் 0.6! அரை மூலக்கூறுச் சர்க்கரை என்று ஒன்று உண்டா? இல்லை. பத்து லிட்டரை எடுத்துக்கொண்டால் அவற்றில் ஏறத்தாழ ஆறு மூலக்கூறுகளே இருக்கும் என்பதுதான் இதன் பொருள்.

30ஆம் படியிலோ, ஒரே ஒரு மூலக்கூறைக் காணச் சுமார் 1.7 × 10³⁶ லிட்டர் நீர் வேண்டும். பூமியின் கன அளவே ஏறத்தாழ 10²⁴ லிட்டர்தான். அதாவது, ஒன்றரை லட்சம் கோடி பூமிகள் கொள்ளும் நீர்!

ஹானிமனைக் குறை கூற வேண்டியதில்லை. மூலக்கூறின் அளவை லோஷ்மிட் முதன்முதலாகக் கணக்கிட்டது 1865இல்தான். ஹானிமன் 1843லேயே காலமாகிவிட்டார்.

“என் பசு பிழைத்ததே!”

“கணக்கு இருக்கட்டும். மருந்து கொடுத்தேன், பசு பிழைத்தது. பசுவுக்கு மருந்தின்மேல் நம்பிக்கையா உண்டு?” என்று பண்ணைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குணமாகிவிட்டது என்று பார்த்துச் சொல்பவர் மனிதர் அல்லவா? நம்பிக்கை அவரிடம் உண்டே!

இதற்கு ஒரே வழி, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். நார்வே நாட்டில் மடிநோய் கண்ட 57 பசுக்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹோமியோபதி மருந்து, மற்றொன்றுக்கு உயிரெதிரி, மூன்றாவதற்கு மருந்தே இல்லாத போலி மருந்து. முடிவு 2004இல் வெளியாயிற்று. ஹோமியோபதி பெற்ற பசுக்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வாரத்தில் தேறின. போலி மருந்து பெற்றவற்றிலும் அதே மூன்றில் இரண்டு பங்கு தேறின! போலி மருந்தைவிட ஹோமியோபதி மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 28ஆம் நாள் பார்த்தபோது மூன்று குழுக்களிலுமே முழுப்பலன் குறைவாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆக, பண்ணைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய பசு பிழைத்தது உண்மை. மருந்தில்லாமலே பிழைத்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. தேறாத அந்த மூன்றில் ஒரு பங்கை நினைத்துப் பாருங்கள். பயனற்ற மருந்தை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வாயில்லாச் சீவன் வலியில் துடிக்கிறது.

உயிரெதிரியைக் குறைக்க நல்ல வழிகள் இல்லாமலில்லை. உலர்ந்த, தூய்மையான தொழுவம். கறப்பதற்குமுன் கையும் காம்பும் கழுவுதல். நோயுற்ற பசுவைக் கடைசியில் கறத்தல். பாலைச் சோதித்து எந்தக் கிருமி என்று கண்டபின் மருந்தைத் தேர்தல். நோய் வராமல் காப்பதே இவற்றுள் தலையாயது.

ஒரு பயிற்சி: ஹோமியோபதியில் குறைவாக நீர்த்த மருந்துகளும் உண்டு. மேற்கண்ட சர்க்கரைக் கரைசலை 6 முறை மட்டும் நீர்த்தால், ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும்? மூலக்கூறு இருப்பதனால் மட்டும் அது நோயைத் தீர்க்கும் என்று சொல்லிவிடலாமா? வகுப்பில் நண்பர்களுடன் விவாதித்துப் பாருங்கள்.

(விடை: 6 × 10¹¹)