சுகாதாரப் பகுதி: ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்!

பெற்றோர்களே! கைக்குழந்தைக்கு முதல் ஊசிகளைத் தவறாமல் போட்டு விடுகிறோம். பிள்ளை நடக்கத் தொடங்கி, தாயும் வேலைக்குத் திரும்பியதும் 18-ஆம் மாத ஊசி மறந்து போகிறது. "அதான் மூணு தடவ போட்டாச்சே, போதாதா?" என்கிறோம். போதாது.

டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் ஒழிந்துபோன நோய் என்று பலர் நினைத்திருந்தனர். 2016 ஜூன் மாதத்தில் அது நாட்டில் மீண்டும் தலைதூக்கியது. நம் கெடாவும் தப்பவில்லை. பிள்ளைகள் சிலர் உயிரிழந்தனர். நோய் கண்டவர்களில் பலர் தடுப்பூசி போடாதவர்கள்.

இந்நோய் இருமலாலும் தும்மலாலும் பரவும். முதலில் தொண்டை வலியும் இலேசான காய்ச்சலும் காணும். பிறகு தொண்டையில் சாம்பல் நிறப் படலம் கட்டும், கழுத்து வீங்கும், மூச்சு முட்டும். கிருமியின் நஞ்சு இருதயத்தையும் தாக்கும்.

முதல் ஊசிகள் இந்த எதிரியை உடம்புக்கு அடையாளம் காட்டுகின்றன. நாளடைவில் அந்த ஞாபகம் மங்கும். பின்னால் போடும் ஊசிகள்தான் அதைப் புதுப்பிக்கின்றன.

நினைவில் வையுங்கள்:

1. பிறந்தவுடன்: காசநோய், கல்லீரல் அழற்சி 'பி' ஊசிகள்.

2. 2, 3, 5, 18-ஆம் மாதங்கள்: தொண்டை அடைப்பான், கக்குவான், இளம்பிள்ளை வாதம் உட்பட ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி.

3. 4, 6, 15-ஆம் மாதங்கள்: நிமோனியா தடுப்பூசி.

4. 9, 12-ஆம் மாதங்கள்: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஊசி.

5. 7 வயது: பள்ளியிலேயே போடுவார்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

"ஊசி போட்டா காய்ச்சல் வருதே?" வரலாம்; பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். தாய்ப்பால் கொடுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவைத் தாதியிடம் கேளுங்கள். வலிப்போ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"சளி பிடிச்சிருக்கு, பெறகு போடலாமா?" சாதாரண சளிக்காக ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம்.

"தோட்டத்த விட்டு சுங்கை பட்டாணிக்கு வந்துட்டோம். நடுவுல விட்டுப்போச்சு, திரும்ப மொதல்லேருந்தா?" வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குப் போங்கள். ஏச்சு விழுமோ என்று தயங்காதீர்கள். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு அங்கே இந்த ஊசிகள் இலவசம்.

கிளினிக்கிற்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது. ஊசி தேதியை முன்கூட்டியே சொல்லி, தாய் தகப்பன் இருவரில் ஒருவர் லீவு கேளுங்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தால் போவது ஒரு நாள் சம்பளம் மட்டுமல்ல.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஊசி விட்டுப்போயிருக்கிறது?