விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவரா?

கேள்வி: என் கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் தொழிலாளி. நைட் ஷிப்டில் பழுக்கக் காய்ந்த கம்பி விலகி வந்து காலைச் சுட்டுவிட்டது. ஒரு மாதமாக வீட்டில்தான் இருக்கிறார். பார்க்க வந்த சபையார் சிலர், "முன்பு குடித்துத் திரிந்தாரே, விதைத்ததைத்தானே அறுக்க வேண்டும்" என்கிறார்கள். விதைக் காணிக்கை கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் இன்னொருவர். காண்ட்ராக்டரோ, "ஈ.எஸ்.ஐ.க்கெல்லாம் போகாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். நான் என்ன செய்யட்டும் ஐயா?
– ஒரு சகோதரி, கவரைப்பேட்டை

பதில்: சகோதரி, முதலில் ஈ.எஸ்.ஐ. வேலையைப் பாருங்கள். வசனத்தைப் பிறகு பார்ப்போம்.

காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவருக்கும் ஈ.எஸ்.ஐ. கட்டும் முதல் பொறுப்பு ஆலை நிர்வாகத்துடையது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்து, தன் பங்காக 3.25 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். நிர்வாகம் கட்டாமல் விட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குரியதைக் கொடுத்துவிட்டு அதை நிர்வாகத்திடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விபத்துத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிர்வாகம் அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினார்களா என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், பக்கத்தில் நின்றவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதி நிர்வாகத்துக்கும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் நீங்களே கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். காண்ட்ராக்டர் கையில் கொடுக்கும் சில ஆயிரத்துக்காக வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். காய்ச்சல் போன்ற நோய்க்கு ஈ.எஸ்.ஐ.யில் உதவித்தொகை பெற, ஆறு மாதப் பருவத்தில் 78 நாளாவது சந்தா சேர்ந்திருக்க வேண்டும். வேலையில் பட்ட காயத்துக்கு அந்தக் கணக்கே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும், அது மூன்று நாளாவது முடக்கிப்போட்டால், சராசரிக் கூலியில் சுமார் 90 சதவீதம் முடக்கம் தீரும்வரை உண்டு. அடிபட்டவரிடம் 'நீ இதுவரை என்ன விதைத்தாய்?' என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. சபையும் கேட்கக் கூடாது.

வசனம் யாருக்கு?

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் விதைப்பையும் அறுப்பையும் பேசுவது உண்மை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான், அவனவன் தன் கிரியையைச் சோதித்துப் பார்க்கட்டும் என்கிறார். அடுத்தவன் புண்ணைப் பார்த்து அவன் பழைய கணக்கை எழுத அவர் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசுவே எடுத்துச் சொல்கிறார். மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார் (லூக்கா 13). ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்தால், பார்த்துப் பார்த்து நாற்று நட்டவர் வயலும்தான் மூழ்குகிறது.

குடி எதையும் விதைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கடனையும் வீட்டுச் சண்டையையும் அது விதைத்திருக்கும். அந்த அறுவடை உங்களுக்கே தெரியும். ஆனால் கம்பி விலகியது ஏன்? மெஷினுக்குத் தடுப்பு இருந்ததா? பாதுகாப்புக் காலணி கொடுத்தார்களா? அவர் தொடர்ந்து எத்தனையாவது ஷிப்டு நின்றிருந்தார்? 'விதைத்ததை அறுக்கிறார்' என்று முடித்துவிட்டால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கமாட்டார்கள். நாளை அதே இடத்தில் இன்னொருவர் நிற்பார்.

செலவை மிச்சம் பிடித்து ஆபத்தை விதைப்பவர் ஒருவர். காலைப் பறிகொடுப்பவர் வேறொருவர். இது அநீதி என்பதில் வேதத்துக்குச் சந்தேகமே இல்லை. அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று எச்சரிக்கிறது யாக்கோபு 5-ஆம் அதிகாரம். உங்கள் சபையில் காண்ட்ராக்டரும் சூப்பர்வைசரும் இருப்பார்கள். பிரசங்க மேடையிலிருந்து இந்தப் பகுதி அவர்கள் காதிலும் விழட்டும்.

காணிக்கை பற்றி

தாராளமாக விதைக்கச் சொல்லும் 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரம், எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் திரட்டியபோது எழுதியது. இருப்பவரிடமிருந்து இல்லாதவருக்குப் போன பணம் அது. இன்றைய நிலையில் வாங்கிக்கொள்ள வேண்டிய குடும்பம் உங்களுடையது. கடன் வாங்கியோ தாலிச் சங்கிலியை அடகு வைத்தோ காணிக்கை கொடுக்க வேண்டாம். கட்டாயத்தினால் கொடுக்க வேண்டாம் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

இனி விதைக்க வேண்டியவை

பவுலின் வார்த்தை முன்னோக்கிப் பார்க்கிறது. நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்றுதான் அந்தப் பேச்சை முடிக்கிறார். உங்கள் கணவருக்கு மூன்று காரியங்கள் சொல்கிறேன். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேலைக்குத் திரும்ப வேண்டாம். வேலை மாறினால் பி.எஃப். கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடாமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும். 10 ஆண்டுச் சேவை சேர்ந்தால்தான் மாதாமாதம் ஓய்வூதியம். மூன்றாவது, குடியை விட்டிருந்தால், கால் முடங்கிக் கிடக்கும் இந்த நாள்கள்தான் அவருக்குச் சோதனைக் காலம். கூடப் பேச நல்ல நண்பர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்து யாராவது கலாத்தியர் 6:7-ஐ எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தால், கோபப்படாதீர்கள். அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் சுமையை ஒருவர் சுமக்கச் சொல்கிறது அது. வாசித்து முடித்ததும், "திங்கட்கிழமை ஈ.எஸ்.ஐ. அலுவலகம் போகிறோம், கூட வருகிறீர்களா அண்ணா?" என்று கேளுங்கள்.