பிள்ளையின் காலில் பந்து இருக்கட்டும்

திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உதைபந்தாட்டத்துக்கு ஆள் பஞ்சமில்லை. மாலையானால் மக்கெய்சர், ஏகாம்பரம் மைதானங்களிலும் உப்புவெளிக் கடற்கரையிலும் பிள்ளைகள் பந்தோடு நிற்கிறார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு 4-4-2 வியூகத்தைப் பலகையில் கீறிக் காட்டுகிறோம். அதே பிள்ளைக்கு இடக்காலால் பந்தை நிறுத்த வரவில்லை. வியூகம் வேண்டும்தான். கால் பழகாதவனுக்கு அதனால் பயனில்லை. சின்னவர்களைப் பழக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும், மைதான ஓரத்தில் நிற்கும் பெற்றாருக்குமாக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• இயன்றவரை ஆளுக்கொரு பந்து கொடுங்கள். போதாவிட்டால் இருவருக்கு ஒன்று. எட்டு வயதுக்குட்பட்டோருக்கு 3ஆம் இலக்கப் பந்து, பன்னிரண்டு வரை 4ஆம் இலக்கம். பெரியவர்கள் ஆடித் தேய்ந்த 5ஆம் இலக்கப் பந்தைக் கொடுத்தால் பிள்ளை கால் நுனியால் குத்தத்தான் பழகும்.

• சிறிய ஆட்டங்களை ஆடவிடுங்கள். இங்கிலாந்தில் சின்னவர்கள் ஐவர், எழுவர், ஒன்பதின்மர் என்று படிப்படியாக ஆடிவிட்டுத்தான் பதினொருவர் ஆட்டத்துக்குப் போகிறார்கள். ஜேர்மனியும் 2024 முதல் சின்னவர்களுக்குச் சிறு மைதானம், சிறு கோல் என்று மாற்றிவிட்டது. பெரிய மைதானத்தில் பதினொருவராக நின்றால் ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பந்து எப்போதாவதுதான் வரும். நான்குக்கு நான்கு ஆடினால் எல்லோருக்கும் திரும்பத் திரும்ப வரும். செருப்பை வைத்துக் கோல் கட்டினாலும் போதும்.

• வியூகத்தை ஆட்டத்துக்குள்ளேயே வையுங்கள். மூன்று பேர் தாக்கட்டும், இரண்டு பேர் தடுக்கட்டும். இடையில் ஒருமுறை நிறுத்தி, “தம்பி, பந்து வாறதுக்கு முதல் பின்னால பார்த்தியா?” என்று கேளுங்கள். “இல்ல சேர்” என்பான். அடுத்த முறை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான். இடம் பார்ப்பது, ஆளை இழுத்துவிட்டு வெறுமையான பக்கம் கொடுப்பது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பத்து வயதுக்கு இவ்வளவு வியூகம் போதும்.

• மணலையும் தரையையும் பிரித்துப் பயன்படுத்துங்கள். கடற்கரையில் வெறுங்காலோடு பந்தை ஏந்துவதற்கும், தட்டி மேலே நிறுத்துவதற்கும், உடம்பைச் சமநிலையில் வைப்பதற்கும் நல்ல பழக்கம் கிடைக்கும். மணலில் பந்து சரியாக உருளாது. அதனால் தரையோடு அனுப்பும் பாஸையும் முதல் தொடுகையையும் இறுகிய தரையிலேயே பழக்க வேண்டும்.

• கச்சான் காற்றை வைத்துப் பழக்குங்கள். வருட நடுப்பகுதியில் தரைப் பக்கமிருந்து வறண்டு வீசும் அந்தக் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால், உயர்த்தி அடித்த பந்து தானாகவே எதிர்க்கோல் வரை போய்விடும். அப்படி முதற்பாதியில் முன்னுக்கு வந்த சிறுவர் அணி, மறுபாதியில் காற்றுக்கு எதிரே நிற்கும்போது பந்தை வைத்திருக்கத் தெரியாமல் தடுமாறும். ஆகவே பயிற்சியில் காற்றுக்கு எதிரே ஆடும் பக்கத்தை அதிகம் கொடுங்கள். பந்தைக் கீழே வைத்து, எதிராளிக்கு முதுகு காட்டி மறைத்து, கிட்டநிற்பவனுக்குக் கொடுக்கப் பழகட்டும். தனித்திறமையும் அணி ஆட்டமும் இதில் சேர்ந்தே வளரும்.

• பதின்மூன்று வயதுக்குப் பிறகு தடுப்பு வரிசை, ஓப்சைட், ஒன்றாக நெருக்குவது என்று படிப்படியாகக் கூட்டுங்கள். அப்போதும் ஒவ்வொரு பயிற்சியின் முதற்பகுதியும் பந்தோடுதான்.

செய்யக்கூடாதவை

• உயரத்தைப் பார்த்து இடம் ஒதுக்காதீர்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கிறார்கள்; அந்தப் பருவத்தில் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம். பன்னிரண்டில் குட்டையாக நிற்பவன் பதினாறில் எப்படி வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் நிறுத்திப் பாருங்கள், கோல் காப்பிலும்தான்.

• வெட்டி ஆடும் பிள்ளையைப் பார்த்து ஓயாமல் “பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு” என்று கத்தாதீர்கள். நமது கோலுக்கு முன்னால் வெட்டினால் திருத்துங்கள். எதிரணிப் பக்கத்தில் ஒருவனுக்கு ஒருவனாக நிற்கும்போது விட்டுவிடுங்கள். பந்து பறிபோனாலும் பரவாயில்லை. அந்தத் துணிச்சலைப் பத்து வயதில் அடக்கிவிட்டு, இருபதில் எங்கள் அணியில் ஆளைக் கடந்து போகக்கூடிய ஒருவனும் இல்லையே என்று தேடுவது நியாயமில்லை.

• சின்னவர்களைப் பந்தைத் தலையால் அடிக்க வைக்காதீர்கள். அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் பத்து வயதுக்குட்பட்டோருக்கு இதைத் தடை செய்வதாக 2015இலேயே அறிவித்துவிட்டது.

• தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விடாதீர்கள். ஓடத்தான் வேண்டுமென்றால் பந்தோடு ஓடட்டும்.

• பெண் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க வைத்து அனுப்பாதீர்கள். அவர்களுக்கும் இதே பயிற்சிதான், இதே பந்துதான்.

• கிண்ணத்துக்காக அதே பதினொரு பேரை மட்டும் இறக்காதீர்கள். வாங்கில் இருந்தே வருடத்தைக் கழிக்கும் பிள்ளை அடுத்த வருடம் வராது.

சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களிடமும் பாடசாலைகளிடமும் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டியை அரை மைதானத்தில், எழுவர் ஆட்டமாக வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பாதி நேரமாவது ஆட வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். இதற்குப் புதிதாகக் காசு தேவையில்லை. அடுத்த போட்டியிலேயே செய்யலாம்.