கதிர் செய்யும் ஊறும் கலம் செய்யும் திருத்தமும்

ஞாயிற்றின் ஒளியில் உயிரை வளர்க்கும் கதிர்களும் உள. ஊறு செய்யும் கழியூதாக் கதிர்களும் உள. இக்கழியூதாக் கதிர்கள் தோலின் கலங்களிற் புகுந்து, ஆங்குள்ள டீ.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. அங்ஙனமாயின் நாம் அழியாது வாழ்வது எங்ஙனம்? இதனை ஈண்டு ஆராய்வாம்.

டீ.என்.ஏ. முறுக்கிய ஈரிழையால் ஆயது. அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்குமே அதன் எழுத்துக்கள். ஓரிழையில் அடெனின் நிற்குமிடத்து எதிரிழையில் தைமின் நிற்கும். குவானினுக்கு எதிரே சைற்றோசின் நிற்கும். ஆதலின் ஓரிழையை அறிந்தால் மற்றையதை எழுதிவிடலாம். திருத்தத்துக்கு அடிப்படை இந்நியதியே.

கழியூதாக் கதிர் பட்டால், ஓரிழையில் அடுத்தடுத்து நிற்கும் இரு தைமின்கள் தம்முட் பிணைந்துவிடும். இப்பழுதை நீக்கும் வழிகள் இரண்டு. முதலாவது ஒளியாற் சீர்ப்படுத்தல். கழியூதாக் கதிரால் ஊறுபட்ட நுண்ணுயிர்கள் கட்புலனாகும் ஒளி பட்டதும் மீண்டும் பெருகுதலை, 1949 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் அல்பேட் கெல்னர் வெளியிட்டார். நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டு ஒரு நொதியம் அப்பிணைப்பை அறுக்கின்றது. இந்நொதியம் மனிதரிடத்து இல்லை.

இரண்டாவது வெட்டி நீக்கிப் புதுக்கல். நம்மைக் காப்பது இதுவே. பழுதுற்ற இடத்தின் இருமருங்கும் நொதியங்கள் இழையை வெட்ட, ஏறக்குறைய 30 எழுத்துக்கள் கொண்ட துண்டு அகற்றப்படும். எதிரிழையைப் பார்த்து அவ்விடைவெளி நிரப்பப்படும். முடிவில் வேறொரு நொதியம் முனைகளைப் பொருத்தும். செல்லரித்த ஏட்டின் சிதைவைப் பிறிதொரு பிரதியோடு ஒப்புநோக்கி நிரப்பும் பதிப்பாசிரியர் செயலை இஃது ஒக்கும்.

எக்ஸ் கதிரோ சில வேளைகளில் ஈரிழையையும் ஒருங்கே முறித்துவிடும். அப்போது ஒப்புநோக்க எதிரிழை இராது. பிரிதற்கு ஆயத்தமான கலத்தில் டீ.என்.ஏ.யின் மற்றொரு படி உளதாகலின், அதனைப் பார்த்துத் திருத்தல் கூடும். இல்லையேல் முறிந்த முனைகளையே கலம் ஒட்டும்; அவ்வொட்டில் எழுத்துப் பிழை நேர்தலும் உண்டு.

திருத்தத்தின் அருமை அஃது இல்லாதவிடத்தே புலனாகும். சீரோடேர்மா பிக்மென்ரோசம் என்னும் பரம்பரை நோயுற்ற சிறார் இளமையிலேயே தோற்புற்றுக்கு ஆளாவர். வெயிலுக்கு மறைந்து வாழ்தலே அவர்க்குக் காப்பு. அவர்தம் கலங்களில் வெட்டி நீக்கும் தொழில் குன்றியிருத்தலை 1968 இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். திருத்த வழிகளை விளக்கியமைக்காக லின்டால், மொட்ரிச், சஞ்சார் ஆகிய மூவரும் 2015 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

நோயற்ற கலத்தின் திருத்தும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. திருந்தாது எஞ்சிய பிழைகள் ஆண்டாண்டாகச் சேர்ந்து புற்றுநோய்க்கு வித்தாகலாம். உச்சிவெயிலில் நெடுநேரம் நிற்கும் மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.